4011-இன் பயணம்

1994 ஜூன் 20 தேதியிட்டு அமெரிக்காவில் ஓர் ஆவணம் வெளியானது. முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. அதோடு பழகியவர்கள் எண்ணை மட்டும் சொன்னார்கள்: 4011. கணினிகளிலும் தொலைத்தொடர்பிலும் ஓடும் அரசுத் தகவலைக் காக்கும் வேலையில் இருப்பவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வகுத்த தேசியப் பயிற்சித் தரம் அது. அரசுத் துறைகள் தங்கள் ஊழியர்களைப் பழக்குவதற்காக எழுதியது. அது போய்ச் சேர்ந்த இடமோ கல்லூரி வகுப்பறை. அடுத்த இருபது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தங்கள் பாடங்களை அதன் வரிகளோடு பொருத்திக் காட்டி, தங்கள் பாடத்திட்டம் தேசியத் தரத்தை எட்டியது என்ற சான்றிதழை வாங்கின.

இப்படிப்பட்ட ஆவணங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஒரு மாணவி இரண்டாம் ஆண்டில் எதைப் படிக்கிறாள், எதைப் படிக்காமலேயே பட்டம் வாங்கிக்கொண்டு போகிறாள் என்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனாலேயே இதன் பிறப்பும் வளர்ப்பும் முடிவும் தெரிந்துகொள்ளத் தக்கவை.

பிறப்புக்கு ஏழு ஆண்டுகள் முன்பே விதை விழுந்துவிட்டது. 1987-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கணினிப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. முக்கியமான தகவல் உள்ள கணினிகளைக் கையாளும் அரசு ஊழியர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தே ஆகவேண்டும் என்றது அந்தச் சட்டம். யார் கொடுப்பது, எதைக் கொடுப்பது என்பதற்கு அப்போது ஒழுங்கான பதில் இல்லை. அடுத்த ஆண்டு, 1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் எழுதிவிட்ட ஒரு நிரல் கணினிக்குக் கணினி தானே தாவிப் பரவியது. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அன்று மதிப்பிட்டார்கள். இணையம் முழுவதிலும் அப்போது இருந்தவையே ஏறத்தாழ 60,000தான். அந்த மாணவரின் தந்தை, தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ.வின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. நாட்டின் கணினிகளைக் காக்கும் பொறுப்பு எவ்வளவு சிறிய வட்டத்துக்குள் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1990 ஜூலையில் அதிபர் மூத்த ஜார்ஜ் புஷ் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். தேசியப் பாதுகாப்பு சார்ந்த தொலைத்தொடர்புக்கும் தகவல் அமைப்புகளுக்கும் விதிமுறை வகுக்கும் குழு ஒன்று அதன்படி அமைந்தது. அந்தக் குழு 1992 நவம்பரில் 501 என்ற உத்தரவை வெளியிட்டு, தகவல் பாதுகாப்பு வேலை செய்பவர்களுக்குத் தேசிய அளவில் பயிற்சித் திட்டம் வேண்டும் என்றது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர எழுதிய முதல் தரம்தான் 4011.

இடையில் நடந்த ஒன்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1991-இல் தேசியக் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஜான் மெக்கம்பர் என்ற விமானப்படை கேப்டன் ஒரு கட்டுரை வாசித்தார். தகவல் பாதுகாப்பு முழுவதையும் ஒரு கனசதுரத்துக்குள் அடக்கிக் காட்டியது அது. ஒரு பக்கத்தில், தகவலுக்கு நாம் காக்க வேண்டிய மூன்று குணங்கள்: உரியவர் தவிர மற்றவர் கண்ணில் படாமை, அனுமதியின்றி மாறாமை, வேண்டியபோது கிடைத்தல். இன்னொரு பக்கத்தில் தகவலின் மூன்று நிலைகள்: அனுப்பும்போது, சேமித்து வைத்திருக்கும்போது, கையாளும்போது. மூன்றாவது பக்கத்தில் காக்கும் வழிகள்: தொழில்நுட்பம், கொள்கையும் நடைமுறையும், கல்வி. மூன்றையும் பெருக்கினால் 27 சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு கேள்வி. ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வு மதிப்பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை சர்வரில் சேமித்துக் கிடக்கின்றன, யாரும் மாற்றிவிடக் கூடாது, அதற்கான விதி என்ன? ஒரு கட்டம். அந்த விதி மதிப்பெண் பதிவேற்றும் குமாஸ்தாவுக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறதா? அடுத்த கட்டம்.

அதுவரை இந்தத் துறையில் பேச்செல்லாம் இயந்திரத்தைப் பற்றியே இருந்தது. எந்த இயங்குதளம் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று தரம் பிரிப்பதே பெரிய வேலையாக இருந்தது. மனிதருக்குக் கற்பிப்பதைத் தொழில்நுட்பத்துக்குச் சமமான இடத்தில் நிறுத்தியவர் மெக்கம்பர். 4011-ஐ எழுதியவர்கள் அவருடைய கட்டுரையை அதன் பின்னிணைப்பாகவே சேர்த்தார்கள். கல்வியும் ஒரு காவல்தான் என்று வாதாடிய ஒரு படைவீரரின் கட்டுரை, பின்னால் கல்லூரிகளுக்கு வழி திறந்துவிட்ட ஆவணத்துக்குள் இருந்தது எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஆவணத்தின் உடம்பு எளிமையானது. இரண்டு படிகள்: ஒன்று விழிப்புணர்வு, மற்றது செய்து காட்டும் திறன். ஏழு பகுதிகள்: தொலைத்தொடர்பின் அடிப்படை, தானியங்கித் தகவல் அமைப்புகளின் அடிப்படை, பாதுகாப்பின் அடிப்படை, தேசியப் பாதுகாப்பு அமைப்புகளின் அடிப்படை, அமைப்பு இயங்கும் சூழல், திட்டமிடலும் நிர்வாகமும், கொள்கைகளும் நடைமுறைகளும். ஒவ்வொன்றின் கீழும் நீண்ட தலைப்பு வரிசை. குறியாக்கச் சாவிகளைப் பராமரிப்பது, கதவுக்கும் கட்டடத்துக்குமான காவல், வேலைக்கு எடுக்கும் ஆளின் பின்னணியைப் பார்ப்பது, ஆபத்தை எடைபோடுவது, பேரிடருக்குப் பின் மீள்வது. டெம்பஸ்ட் என்பதும் உண்டு: கணினித் திரையிலிருந்தும் கம்பியிலிருந்தும் கசியும் மின்காந்த அலையைத் தூரத்திலிருந்து பிடித்து, உள்ளே ஓடுவதைப் படித்துவிடும் ஆபத்து. பனிப்போர்க் காலத்து அச்சம் அது. 4011-இன் உடம்பில் அந்தக் காலத்தின் தடம் நிறையவே இருந்தது.

4011-உம் அதைத் தொடர்ந்து வந்த தரங்களும் உருவானதில் ஐடஹோ மாநிலத்தின் பொகாட்டெல்லோ நகருக்குப் பெரும் பங்கு உண்டு. தலைநகரிலிருந்து வெகுதூரத்தில், மலைகளுக்கு நடுவே உள்ள ஊர். அங்குள்ள ஐடஹோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கோரி ஷோ, இந்த வேலையைச் செய்பவர்களையும் சொல்லித்தருபவர்களையும் ஒரே அறையில் கூட்டி உட்காரவைத்தார். ஒவ்வொருவர் முன்னும் ஒரு கணினி. இந்த வேலையில் உண்மையில் என்னென்ன செய்கிறீர்கள், அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை அவரவர் தட்டச்சு செய்ய, எல்லாவற்றையும் தொகுத்து, வகைபிரித்து, விவாதித்து அடுக்கினார்கள். மேலிருந்து இறங்கிவரும் பாடத்திட்டங்களையே பார்த்துப் பழகிய நமக்கு, வேலை செய்பவரிடம் கேட்டு எழுதிய இந்த முறை கவனிக்கத் தக்கது.

வெளியான சில ஆண்டுகள் 4011 அரசு அலுவலகங்களுக்குள்ளேயே இருந்தது. அதை வெளியே இழுத்தது ஆள் பஞ்சம். 1997 பிப்ரவரியில் பர்டூ பல்கலைக்கழகத்தின் யூஜின் ஸ்பாஃபோர்ட் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் சொன்னார். முந்தைய ஐந்து ஆண்டுகளில் வட அமெரிக்காவில் கணினி அறிவியலிலும் பொறியியலிலும் சுமார் 5,500 பேர் முனைவர் பட்டம் பெற்றார்கள். பாதுகாப்பு ஆராய்ச்சியின் முதன்மை மையங்களிலிருந்து அந்தத் துறையில் பட்டம் பெற்று வந்தவர்களோ 16 பேர். ஆசிரியரே இல்லாத துறைக்கு மாணவர் எங்கிருந்து வருவார்கள்? அடுத்த ஆண்டு மே மாதம், நாட்டின் மின்சாரம், வங்கி, தொலைபேசி போன்ற அடிப்படைக் கட்டமைப்புகளைக் காக்கச் சொல்லி அதிபர் கிளின்டன் ஆணை பிறப்பித்தார். அதையொட்டி என்.எஸ்.ஏ. பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பட்டத்தை உருவாக்கியது: தகவல் பாதுகாப்புக் கல்வியில் கல்விச் சிறப்பு மையம். சுருக்கமாக சி.ஏ.இ.

1999 மே மாதம் முதல் ஏழு பெயர்கள் வந்தன. ஜேம்ஸ் மேடிசன், ஜார்ஜ் மேசன், ஐடஹோ ஸ்டேட், ஐயோவா ஸ்டேட், பர்டூ, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம், ஐடஹோ பல்கலைக்கழகம். ஹார்வர்ட் இல்லை, எம்.ஐ.டி. இல்லை, ஸ்டான்ஃபோர்ட் இல்லை. ஐடஹோ என்ற மக்கள்தொகை குறைந்த மாநிலத்திலிருந்து மட்டும் இரண்டு. யார் இந்த வேலையை முன்பே தொடங்கியிருந்தார்களோ அவர்கள் பெயர்தான் அந்தப் பட்டியலில் இருந்தது.

பட்டத்தோடு நேரடிப் பணம் எதுவும் வரவில்லை. ஆனால் அதன் வழியாகக் கதவுகள் திறந்தன. 2001 வாக்கில் தொடங்கிய அரசு உதவித்தொகைகளில், பாதுகாப்புத் துறையின் திட்டம் சி.ஏ.இ. தகுதி உள்ள நிறுவனங்களுக்கே. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் திட்டம் அந்தத் தகுதியோ அதற்கு இணையானதோ உள்ளவற்றுக்கு. மாணவர் படித்து முடித்ததும் அரசுப் பணியில் சில காலம் இருக்க வேண்டும். நம் ஊரிலிருந்து மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்தப் பணம் கிடைக்காது; அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே. ஆனாலும் பல்கலைக்கழகம் தேடும்போது அவர்கள் இந்தப் பட்டத்தின் பெயரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அது என்ன என்று தெரிந்து பார்ப்பது நல்லது.

பட்டத்துக்கு முதல் படி பாடத்திட்டச் சான்று. 4011-ஐயும் அதோடு இன்னொரு தரத்தையும் தன் பாடங்கள் நிறைவு செய்கின்றன என்று காட்டிய பிறகே ஒரு பல்கலைக்கழகம் சி.ஏ.இ.க்கு விண்ணப்பிக்கலாம் என்ற விதி வந்தது. 4011-இன் வாழ்க்கையில் மிக முக்கியமான கட்டம் இது. பாடங்களைத் தரத்தோடு பொருத்திக் காட்டும் இந்த வேலையை மேப்பிங் என்பார்கள். தரத்தின் ஒவ்வொரு வரிக்கும், எந்தப் பாடத்தில், எந்தத் தலைப்பின் கீழ், எந்த வாசிப்பில், எந்த லேபில் அது சொல்லித்தரப்படுகிறது என்று எழுதி, என்.எஸ்.ஏ.வின் மதிப்பீட்டாளர்களுக்குச் சமர்ப்பிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான வரிகள். பெரும்பாலும் ஓர் ஆசிரியரோ இருவரோ தங்கள் வகுப்புகளுக்கும் விடைத்தாள்களுக்கும் நடுவில் செய்யும் வேலை.

அந்த வேலை ஆசிரியரைத் தன் துறைக்கு வெளியே துரத்தியது. குறியாக்கமும் இயங்குதளமும் கணினி அறிவியல் துறையிலேயே இருக்கும். கொள்கை எழுதுவது? மேலாண்மைத் துறையில் ஒரு பாடம் இருக்கலாம். சட்டமும் சாட்சியத்தைக் கெடாமல் காப்பதும்? குற்றவியல் துறையில் கேட்க வேண்டும். கட்டடக் காவலும் ஆட்களின் பின்னணி விசாரணையும் பல இடங்களில் எந்தப் பாடத்திலும் இல்லை. புதிதாக எழுத வேண்டியிருந்தது. ஒரே வளாகத்தில் அதுவரை பேசிக்கொண்டிராத துறைகளை ஒரு மேசைக்குக் கொண்டுவரும் ஆற்றல் அந்தத் தலைப்பு வரிசைக்கு இருந்தது. 4011 செய்த பெரிய நன்மை இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். சான்றிதழ் அதற்கு அப்புறம்.

தீமையும் அதே வேலைக்குள் இருந்தது. ஒரு வரிக்கு எங்கும் இடமில்லை என்றால், ஏதாவதொரு வகுப்பில் ஒரு ஸ்லைடைச் செருகிவிட்டு அந்த வரி நிறைந்தது என்று காட்ட முடியும். இருக்கிறதா இல்லையா என்பதே மேப்பிங்கின் கேள்வி. எவ்வளவு ஆழமாக, எவ்வளவு நன்றாக என்பது அந்தக் கட்டங்களுக்குள் அடங்கவில்லை.

சான்று பெற்ற கல்லூரி, உரிய பாடங்களை முடித்த தன் மாணவருக்கு 4011-இன் பெயர் சொல்லும் சான்றிதழைக் கொடுக்கலாம். அரசு வேலைக்கும் அரசு ஒப்பந்த நிறுவனங்களுக்கும் விண்ணப்பிக்கும்போது அது கைகொடுத்தது. கல்லூரிகளுக்கான சான்றிதழ்களைத் தகவல் பாதுகாப்புக் கல்விக்கான வருடாந்தரக் கருத்தரங்கில், பெரும்பாலும் ஜூனில், மேடையில் வைத்துக் கொடுத்தார்கள். பெரிய ஆராய்ச்சி நிதியோ பெயரோ இல்லாத கல்லூரிகளின் ஆசிரியர்கள் ஆண்டு முழுவதும் செய்த வேலையை நாடு பார்த்ததாகச் சொன்ன இடம் அது.

4011-க்குத் தம்பிகளும் பிறந்தார்கள். அமைப்பை இயக்க அனுமதி தரும் உயர் அதிகாரிக்கு 4012, சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு 4013, பாதுகாப்பு அலுவலருக்கு 4014, அமைப்பைச் சோதித்துச் சான்றளிப்பவருக்கு 4015, ஆபத்தைக் கணிப்பவருக்கு 4016. இந்தத் தரங்களை வெளியிட்ட குழுவின் பெயரும் 2001-இல் மாறியது. 2004-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் என்.எஸ்.ஏ.வோடு சேர்ந்து சி.ஏ.இ. திட்டத்தை நடத்தத் தொடங்கியது. 4012, 4013, 4014 மூன்றும் அந்த ஆண்டே புதுப்பிக்கப்பட்டன. மூத்ததோ 1994-இல் எழுதியபடியே நின்றது.

அங்கேதான் அதன் முடிவு தொடங்குகிறது. அது எழுதப்பட்டபோது நெட்ஸ்கேப் பிரவுசர் வெளிவந்திருக்கவில்லை. பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே குறியாக்கம் செய்யும் எஸ்.எஸ்.எல். புழக்கத்துக்கு வரவில்லை. வலைத்தளத்தின் தேடல் பெட்டி வழியாகத் தரவுத்தளத்துக்குள் நுழையும் தாக்குதலைப் பற்றி முதலில் எழுதப்பட்டது 1998-இல். ஐபோன் வந்தது 2007-இல். இவை எல்லாம் வந்த பிறகும் கல்லூரிகள் டெம்பஸ்ட் எங்கே சொல்லித்தரப்படுகிறது என்று தேடிக் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தன. புதியதைச் சொல்லித்தரத் தடையில்லை. ஆனால் அதற்கு அந்தத் தரத்தில் மதிப்பும் இல்லை.

2008-இல் பர்டூ விலகிக்கொண்டது. முதல் ஏழில் ஒன்று, ஸ்பாஃபோர்ட் இருந்த இடம். பட்டம் காலாவதியானபோது புதுப்பிக்க விண்ணப்பிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்து, காரணங்களை அவர் வெளிப்படையாக எழுதினார். ஏழாக இருந்த மையங்கள் 90-க்கு மேல் போய்விட்டன. எல்லாரும் சிறந்தவர் என்றால் அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன என்றார். பயிற்சிக்காக எழுதிய தரத்தைக் கல்விக்கு அளவுகோலாக வைப்பது தவறு என்றார். மேப்பிங்குக்கு ஆகும் உழைப்புக்கு ஈடாகப் பல்கலைக்கழகத்துக்கு எதுவும் கிடைப்பதில்லை என்றார். மறு ஆண்டு, சான்றிதழ்கள் வழங்கப்பட்ட அதே கல்விக் கருத்தரங்கில் கேரல் டெய்லரும் டேவிஸ் வளாகத்தின் மேட் பிஷப்பும் இந்தத் திட்டத்தை விமர்சித்துக் கட்டுரை வாசித்தார்கள். அதுவும் முதல் ஏழில் ஒன்றின் குரல்.

பயிற்சியும் கல்வியும் ஒன்றல்ல என்பதில் ஸ்பாஃபோர்டோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. இன்று இருக்கும் கருவியை இயக்கக் கற்றவர், நாளை வரும் கருவியின் ஓட்டையைக் கண்டுபிடிப்பார் என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை பெருகியதால் பட்டம் மதிப்பிழந்தது என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பர்டூவுக்கு ஒரு முத்திரை தேவையில்லை. அதன் பெயரே போதும். பெயரில்லாத கல்லூரியின் ஆசிரியர், தன் பாடம் தரமானது என்று மாணவரின் பெற்றோரிடமும், ஆய்வகத்துக்குக் கணினி கேட்டுத் தன் டீனிடமும், ஆள் எடுக்க வரும் அதிகாரியிடமும் எதைக் காட்டுவார்? ஏழு பல்கலைக்கழகங்கள் மட்டும் ஒரு நாட்டின் அரசு அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மின்நிலையங்களுக்கும் ஆள் தயாரித்துக் கொடுக்க முடியாது. பரவ வேண்டியது பரவியது. அளவுகோல் பழசாகிப்போனதுதான் கோளாறு.

அதைச் சரிசெய்தது விமர்சனமும் காலமும் சேர்ந்துதான். 2008-இல் ஆராய்ச்சிக்கெனத் தனிப் பட்டம் வந்தது. 2010-இல் இரண்டாண்டு கம்யூனிட்டி கல்லூரிகளுக்கும் கதவு திறந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் படிப்பவர்களின் கல்லூரிகள் அவை. 2012-இல் தாக்குதலையும் தற்காப்பையும் நுணுக்கமாகக் கற்பிக்கும் சைபர் நடவடிக்கைகளுக்கு இன்னொரு பட்டம். அதன் பிறகு 4011 வரிசைத் தரங்களோடு பாடங்களைப் பொருத்தும் சான்றுத் திட்டத்தையே என்.எஸ்.ஏ. மூடிவிட்டு, 2013, 2014-இல் அறிவு அலகுகள் என்ற முறைக்கு மாறியது. பழைய வரிசை ஒரே நெடும் பட்டியல்; எல்லாருக்கும் ஒன்றே. புதிய முறையில் சிறு சிறு அலகுகள். இப்போதைய வடிவில் மூன்று அலகுகள் அனைவருக்கும் கட்டாயம். அதற்கு மேல் ஐந்து மைய அலகுகளைத் தொழில்நுட்ப வரிசையிலிருந்தோ, கொள்கை, சட்டம், நிர்வாகம் சார்ந்த வரிசையிலிருந்தோ எடுத்துக்கொள்ளலாம். மீதியைக் கல்லூரி தன் பலத்துக்கேற்ப நீண்ட விருப்பப் பட்டியலிலிருந்து சேர்க்கிறது. தொழில்நுட்ப மையத்தில் நிரல் எழுதுதல், வலைப்பின்னல், வலைப்பின்னல் தற்காப்பு, குறியாக்கம், இயங்குதளம் ஆகியவை உண்டு. தொழிலகக் கட்டுப்பாட்டு அமைப்புகள், மொபைல், கிளவுட் போன்றவற்றுக்கும் இடம் வந்தது.

4011-ஐ வைத்துச் சான்று பெற்றவர்களின் ரெஸ்யூமேக்களில் அந்த எண் இன்னும் இருக்கிறது. மெக்கம்பரின் கனசதுரம் பாடப்புத்தகங்களில் நிற்கிறது. முதல் ஆண்டு மாணவர்கள் அதன் 27 கட்டங்களை வரைகிறார்கள். அது எந்த ஆவணத்தின் பின்னிணைப்பாக வந்தது என்று பலருக்குத் தெரியாது. சி.ஏ.இ. பட்டம் பெற்ற நிறுவனங்கள் இன்று 400-ஐத் தாண்டிவிட்டன.

முறையிலும் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. இப்போது நிறுவனத்துக்குப் பட்டம் வருவதற்கு முன்னால், குறிப்பிட்ட படிப்பு தனியாகச் சரிபார்க்கப்பட வேண்டும். அந்தப் படிப்பு சில காலம் நடந்து, மாணவர்கள் அதை முடித்து வெளியேறியிருக்க வேண்டும். பாடத்தில் எந்தத் தலைப்பு எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதாது. மாணவர் செய்த அசைன்மென்ட்டையும் லேப் வேலையையும் எடுத்து வைத்து, கற்றது என்ன என்று காட்டச் சொல்கிறார்கள்.